இரண்டாவது பச்சை சைக்கிள்

எங்கள் இரண்டு பேருக்கும் கால் ஒரே நீளமாக இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அவள் நெட்டை, நான் குட்டை. ஏதோ கொஞ்சம் கூடக் குறைய என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் சேர்ந்து தெருவில் நடந்தால் சின்னாளப்பட்டித் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் முறைப்பேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஆத்தூர் வட்டாரத்தில் கிராம சேவிகாக்கள். ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் கூட்டுவது, புகையில்லா அடுப்பு போடச் சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுப்பது, கீரை விதை விநியோகிப்பது, இவைதாம் வேலை. சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை எடுத்து இரண்டு பேரும் தங்கியிருந்தோம். நான் திண்டுக்கல் டவுன்காரி. அப்பா வாத்தியார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் வீட்டில் தட்டு வராது. அவள் குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துத் திட்டு. அந்தத் திட்டுகளில் சிலவற்றை அவளிடம் நானும் கற்றுக்கொண்டேன்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வைகை அணையைப் பார்க்க வேண்டும். அணை திறந்த புதிது. பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் கையை அகல விரித்து விரித்துக் காட்டினார்கள்.

"கம்மா நெறஞ்சு பாத்துருக்கேன். மடை தெறந்து ஓடுற தண்ணியும் பாத்துருக்கேன். அக்கரை தெரியாத தண்ணி பாத்ததில்லடி" என்பாள்.

"அக்கரை தெரியாத தண்ணி வேணும்னா ராமேசுவரம் போ."

"அது உப்புத் தண்ணி. அத வச்சு என்ன வெள்ளாம பண்ண?"

பஸ்ஸில் போகலாமே என்று நான் கேட்டிருக்கிறேன். பஸ் என்றால் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அதுமட்டுமில்லை, "நம்ம கால்ல மிதிச்சுப் போய்ப் பாக்கணும், அப்பத்தான் பாத்ததா இருக்கும்" என்று ஒரு பிடிவாதம். செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் போய், பெரியகுளத்தில் இருந்த என் சித்தி வீட்டில் இரவு தங்கி மறுநாள் திரும்புவது என்று அவளே திட்டம் போட்டாள். என் சித்தி வீட்டில் தங்குவதற்கு என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நேரத்தில்தான் சேவிகாக்கள் சைக்கிள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆபீஸில் சொல்லி முன்பணமும் கொடுத்தார்கள். பயிற்சியிலேயே எங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அதற்கு முன்பே அண்ணன் உபயத்தில் தெரியும், முழங்கால் தழும்பு சாட்சி. ஆகவே வாங்க வேண்டியதுதான் பாக்கி. எந்த சைக்கிள் என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அண்ணன், தடித்த டயர் போட்ட கறுப்பு சைக்கிளாக எடு, மாடு முட்டினாலும் மாட்டுக்குத்தான் வலிக்கும் என்றான். ஆபீஸ் குமாஸ்தா, கேரியர் பெரிதாக இருக்கட்டும் என்றார். அதில் அவருக்கு ஆத்தூரிலிருந்து தேங்காய் ஏற்றி வரச் சொல்லும் எண்ணம் இருந்ததாக எனக்கு ஒரு சந்தேகம். எங்களோடு வேலை பார்த்த மருத்துவச்சி அம்மாவிடம் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருந்தது. அவர், "எதை வாங்கினாலும் என்னோடதைக் கேட்காதீங்க" என்றார். அவர் தன் நிழலைக்கூட யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார்.

எங்களுக்கு வேண்டியது என்ன என்று நாங்கள் பாய் விரித்துப் படுத்தபடி பேசிப் பேசித் தீர்மானித்திருந்தோம். தினமும் வரப்பு ஓரத்திலும் வண்டிப் பாதையிலும் போக வேண்டும். ஓடையில் மணல் வந்தால் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும், அதற்குக் கனம் குறைவாக இருக்க வேண்டும். சேலை சிக்காமல் செயினுக்கு மூடி, பின்சக்கரத்துக்கு வலை. பால்பவுடர் டப்பாவும் விதைப் பையும் தாங்க ஒரு கேரியர். அத்தனையும் இருந்து, ஒரு நாள் நினைத்தால் அதே சைக்கிளில் அணைக்கும் போய்வர வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் கழுதையாக உழைத்துவிட்டு ஏழாவது நாள் குதிரையாக ஓட வேண்டும் என்றாள் அவள்.

திண்டுக்கல் சைக்கிள் கடைக்கார பாய் எங்களுக்கு இரண்டு கறுப்பு லேடீஸ் சைக்கிள்களை எடுத்து நிறுத்தினார்.

"இரும்பும்மா, அத்தனையும் இரும்பு. உங்க பேரப்புள்ளைங்க ஓட்டும்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல பாய்."

"அதுவும் ஆகும், இன்ஷா அல்லா" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

அவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். நான் தூக்கிப் பார்த்தேன், தூக்கவில்லை, பார்த்ததோடு சரி. அப்போது கடையில் சைக்கிள் பூட்டிக் கொடுக்கும் பிட்டர் தெருவில் வந்தார். ஒரு சைக்கிளை ஓட்டியபடி, பக்கத்தில் இன்னொரு சைக்கிளை ஒற்றைக் கையால் ஹாண்டில்பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டும் ஒன்றுபோல உருண்டு வந்து வாசலில் நின்றன. கையால் இழுத்து வந்தது பச்சை நிறம். இளம் வாழைக்குருத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பச்சை.

"அடியே, ஒத்தக் கையில இன்னொண்ண இழுத்துட்டு வாராரு பாரு. இத நான் கத்துக்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"வத்தலக்குண்டு தாண்டி நீ மூச்சு வாங்கி உக்காந்துருவ. உன் சைக்கிள யாரு கொண்டாரது?"

பச்சை சைக்கிள் சீமையிலிருந்து வந்தது. ஒரு பாதிரியார் அங்கியோடு ஏற வசதியாகச் சொல்லி வைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டாராம். சாய்ந்த கம்பி, மெல்லிய டயர், கைப்பிடியில் ஒரு சின்ன விசை. அதைத் தட்டினால் பின்சக்கரத்துக்குள் எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு மிதி லேசாகிவிடும். மூன்று கியர். நான் அதை ஒரு கையால் தூக்கினேன். வாழ்க்கையில் நான் தூக்கப் பார்த்து, தூக்க முடிந்த பொருள்கள் குறைவு.

அவளை முதலில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பிட்டர் சீட்டை உயர்த்திக் கொடுத்தார். மலைக்கோட்டைப் பக்கமாகப் போனவள் வெகுநேரம் வரவில்லை. பாய் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். திரும்பி வந்தவள் இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். முகம் முழுக்க வேர்வை. "மேட்டுல ஏறுறேன், ஏறுற மாதிரியே இல்லடி" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கறுப்பு சைக்கிள்களை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் பச்சை ஒன்றுதான் இருந்தது. பாய் நெஞ்சில் கை வைத்து, "இதே மாதிரி இன்னொண்ணு சொல்லியாச்சும்மா. அடுத்த சரக்குல வந்துரும்" என்றார். இரண்டு கறுப்பா, ஒரு பச்சையா என்ற கேள்விக்கு உலகத்தில் புத்தியுள்ள யாரும் இரண்டு கறுப்பு என்றுதான் சொல்வார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பச்சை என்றோம். இரண்டாவது வரும்வரை இதை மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்வது, வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து அணைக்குப் போவது என்று அங்கேயே முடிவாயிற்று.

புறப்படும்போது பாய், "இதுல டபுள்ஸ் மட்டும் ஏத்திராதீங்கம்மா. பை தாங்கும், ஆள் தாங்காது" என்றார். எங்கள் காதில் அது விழுந்தது, அதன் அர்த்தம் ரோட்டுக்கு வந்த பிறகுதான் மனத்தில் விழுந்தது.

ஒரு சைக்கிள், இரண்டு ஆள், டபுள்ஸ் கூடாது. வீட்டுக்கு எப்படிப் போவது? மதுரை ரோட்டில் நின்றுகொண்டு அவள்தான் வழி கண்டுபிடித்தாள். ஒருத்தி கொஞ்ச தூரம் ஓட்டிப் போய் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு நடக்கத் தொடங்க வேண்டும். பின்னால் நடந்து வருகிறவள் அதை எடுத்து ஓட்டி, முன்னால் நடப்பவளைத் தாண்டிப் போய், அடுத்த மரத்தில் சாய்த்துவிட்டு நடக்க வேண்டும். சாய்த்து வைக்கும் இடம் பின்னால் வருகிறவளின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் யாரும் எதையும் திருடமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தக் காலத்தில் இருந்ததில்லை. இன்னொரு விதி, சாய்த்துவிட்டுப் போகிறவள் சீட்டை அடுத்தவளின் உயரத்துக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்காகச் சீட்டின் அடியில் ஒரு ஸ்பானரைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

முதலில் அவள்தான் ஓட்டிப் போனாள். வெள்ளோட்டுக்குப் பாதை பிரியும் இடத்தில் ஒரு பெரிய புளியமரம் நிற்கும். அதில் சாய்த்திருந்தாள். நான் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது சீட்டு எனக்காக இறங்கி நின்றது. ஏறி மிதித்துப் போய் அவளைத் தாண்டும்போது மணியை அடித்தேன். அடுத்த முறை அவள் என்னைத் தாண்டும்போது மணி அடிக்கவில்லை, என் சடையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து அதுவே அவளுக்கு வழக்கமாயிற்று. நான் எவ்வளவு கத்தினாலும் நிற்காது.

அந்த மாதங்களைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை. ஒருநாள் அவளுக்கு சைக்கிள், எனக்கு பஸ்ஸும் நடையும். மறுநாள் எனக்கு சைக்கிள், அவளுக்கு நடை மட்டும். சித்தையன்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் போகும்போது மூன்றாவது கியரைத் தட்டிவிட்டால் சக்கரம் கிறுகிறுவென்று பாடும். ஆடி மாதத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். முதல் கியரில் மெல்ல மெல்ல மிதித்தால் அதையும் ஜெயிக்கலாம். வயலில் நிற்கும் பெண்கள் நிமிர்ந்து, "நெட்டையம்மா வல்லையா இன்னைக்கி?" என்பார்கள். அவளிடம், "குட்டையம்மா எங்க?" என்பார்களாம். மாலையில் யார் கடைசியாக ஓட்டினாலும் மறுநாள் ஓட்டப் போகிறவளுக்காகச் சீட்டை மாற்றி வைத்துவிட்டுத்தான் கை கால் கழுவுவோம். சீட்டுத் தண்டில் அவள் உயரத்துக்கு ஒரு கீறல், என் உயரத்துக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது.

ஒரு சைக்கிளை இரண்டு பேர் வைத்திருந்தால் ஒன்று மட்டும் நடக்காது. இரண்டு பேரும் சேர்ந்து போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மரத்துக்கு மரம் மாற்றி மாற்றி ஆத்தூர் அணைவரை போயிருக்கிறோம். அங்கே போய்ச் சேர்ந்ததும், வழியில் பார்த்ததை எல்லாம் ஒருத்தி மற்றவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே வழியில் வந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழியைச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

"வைகை அணைக்கும் இப்படியே போயிரலாமே" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"வேணாம்டி. இப்படிப் போனா அந்தத் தண்ணிய நீ ஒரு நேரம் பாப்ப, நான் ஒரு நேரம் பாப்பேன். பக்கத்துல பக்கத்துல போகணும். பேசிக்கிட்டே போகணும்" என்றாள்.

வாடகை சைக்கிளும் ஆகவில்லை. கடைகளில் இருந்ததெல்லாம் குறுக்குக் கம்பி போட்ட ஆண்கள் சைக்கிள், சேலையோடு ஏற முடியாது. மருத்துவச்சி அம்மாவைக் கேட்க அவள் போனாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஆகவே இரண்டாவது பச்சை சைக்கிளுக்காகக் காத்திருந்தோம்.

திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நான் நேராகப் பாய் கடைக்குத்தான் போவேன். "கப்பல்ல இருக்கும்மா" என்பார். இன்னொரு வாரம், "மெட்ராஸ்ல இறங்கிருச்சு" என்பார். அதற்கடுத்த வாரம் அது மறுபடியும் கப்பலுக்குப் போயிருக்கும். வெளிநாட்டுச் சரக்குக்கு அரசாங்கம் கெடுபிடி செய்துகொண்டிருந்த காலம், பாவம் அவர் என்ன செய்வார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. "பாய், உங்க கப்பல் ஒரே எடத்துல சுத்துது போல" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். கோபமாக வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுப்பது அவர் வழக்கம். அந்த வருஷம் நான் நிறைய டீ குடித்தேன்.

ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. அணை நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அந்த மழையோடு அவளுக்கு ஒரு சம்பந்தமும் வந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் தோட்டம் துரவு உள்ள ஒரு குடும்பம். பெண் பார்க்க மாப்பிள்ளையின் மாமா முதலில் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை. நின்றுகொண்டே என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, புள்ள சைக்கிளெல்லாம் ஓட்டுதுன்னு சொல்றாங்களே, நெசந்தானுங்களா?"

"ஓட்டுவா. மூணு கியர்" என்றேன்.

அவர் அதை ஒரு நோயின் பெயர்போலக் கேட்டுக்கொண்டார். "தப்பில்லீங்க. எங்க பக்கம் பழக்கமில்லீங்க, அவ்வளவுதான். கல்யாணத்துக்கப்புறம் வேலையும் வேண்டாமுங்க, சைக்கிளும் வேண்டாமுங்க" என்றார். நல்ல மனுஷர்தான். நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார். அவர் ஒரு முரடராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அவளை யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே சரி என்றாள். அன்று சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அவுக தோட்டத்துக் கெணத்துல கோடையிலயும் தண்ணி கெடக்குமாம்டி. மேல இருந்து கல்லப் போட்டா 'டொபுக்'னு சத்தம் கேக்குமாம். எங்க ஊர்க் கெணத்துல கல்லப் போட்டா கல்லு விழுந்த சத்தம்தான் கேக்கும்."

மாப்பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன்மீது பொறாமைப்பட்டிருப்பேன். கிணற்றைப் பற்றிச் சொன்னாள். முகம் தெரியாத ஒரு கிணற்றின்மீது நான் அன்று ராத்திரி முழுக்கப் பொறாமைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

கல்யாணம் தை பிறந்ததும். "அதுக்குள்ள வந்துரும்டி. மார்கழில அணை நெறஞ்சு நிக்கும். வெயிலும் இருக்காது" என்றாள். இருவரும் சேர்ந்து பாய் கடைக்குப் போனோம். அவள்தான் கேட்டாள். "பாய், தைக்கு முன்னால வந்துருமா? அதுக்கப்புறம் நான் இங்க இருக்கமாட்டேன்." பாய் அன்று கப்பலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மெட்ராஸுக்கு மறுபடி எழுதுகிறேன் என்றார். டீயும் வரவழைக்கவில்லை.

மார்கழி முழுவதும் நான் வாசலில் ஒரு கண் வைத்திருந்தேன். யாராவது சைக்கிளில் வந்தால் பக்கத்தில் இன்னொரு சைக்கிள் உருண்டு வருகிறதா என்று பார்ப்பேன். சமையலில் உப்பு மறந்தது. மாதர் சங்கத்தில் கீரை விதைக்குப் பதில் மிளகாய் விதையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் மட்டும் எப்போதும்போல இருந்தாள். விடியற்காலையில் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, இருவரும் அணைக்குப் போகும் வழியை மனத்தாலேயே ஓட்டிப் பார்ப்போம். செம்பட்டியில் இட்லி, வத்தலக்குண்டில் மல்லிகைப்பூ. "அங்கிட்டு எறக்கம் வரும். கால எடுத்துட்டு சும்மா உக்காந்துக்க. நான் பக்கத்துல வாரேன்" என்பாள். அந்த ரோட்டில் அவள் ஒருநாளும் போனதில்லை. இறக்கம் வரும் என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

சைக்கிள் வரவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், தான் வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் சொல்லிக்கொண்டு வருவதற்காகப் பச்சை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பொழுது சாயத் திரும்பினாள். கேரியர் நிறைய வெண்டைக்காயும் கத்தரிக்காயும், கைப்பிடியில் ஒரு சீப்பு வாழைப்பழமும். "வெஞ்சனத்துக்கு ஒரு வாரம் பஞ்சமில்ல உனக்கு" என்றாள். மறுநாள் காலையில் அவள் அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கினார். பஸ் ஏறும்போது அவள் அழவில்லை. நானும் அழவில்லை. என் சடையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "வாரேன்டி" என்று ஏறிப் போய்விட்டாள்.

அறைக்குத் திரும்பி வேலைக்குக் கிளம்ப சைக்கிளை எடுத்தேன். சீட்டு இறங்கி, என் கீறலில் நின்றது. முந்தின நாள் அத்தனை அலைச்சலுக்கும் அப்புறம், வழக்கம் தவறாமல் எனக்காக மாற்றி வைத்துவிட்டுத்தான் கை கால் கழுவியிருக்கிறாள். இனிமேல் அதை யாரும் மாற்றப் போவதில்லை. ஒருநாள் மறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அவள்மீது அப்படி ஒரு கோபம் வந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பிறகு ஸ்பானரை எடுத்து சீட்டை அவள் கீறலுக்கு உயர்த்தினேன். ஏறிப் பார்த்தால் கால் மிதியைத் தொட்டும் தொடாமலும் போனது. அப்படியே கடைத்தெருவரை தள்ளாடிக்கொண்டு போனேன். ஒரு வைக்கோல் வண்டியில் மோதாமல் தப்பியது மாதா புண்ணியம். கடைத்தெருவில் இறங்கி, நாலு பேர் பார்க்க, சீட்டை மறுபடி இறக்கினேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாய் கடைப் பக்கம் போவதை நான் விட்டிருந்தேன். அவரே கோயில் வாசலுக்குப் பிட்டரை அனுப்பியிருந்தார். "வந்துருச்சும்மா, பாய் கூப்புடுறாரு."

போனேன். அதே பச்சை. கைப்பிடியில் சுற்றிய காகிதம்கூடக் கழற்றவில்லை. பாய்க்கு விஷயம் தெரியும். "வேண்டாம்னா சொல்லிருங்கம்மா, வேற ஆளுக்குக் கொடுத்துர்றேன். சங்கடப்படாதீங்க" என்றார். அவள் இடத்துக்கு வரப்போகிற புதுச் சேவிகாவுக்கு எப்படியும் ஒன்று வேண்டியிருந்தது. எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பிட்டர் மிதிகளை மாட்டினார், மணியை மாட்டினார், செயினுக்கு எண்ணெய் விட்டார். கடைசியில் சீட்டைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சீட்டு எந்த ஒசரத்துக்கும்மா வைக்கட்டும்?"

நான் கையால் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"அம்புட்டு ஒசரம் வச்சா உங்களுக்குக் கால் எட்டாதேம்மா."

"தெரியும்ணே. அங்கயே வைங்க" என்றேன். பாய் உள்ளே திரும்பி, டீ சொல்லு என்று யாரிடமோ சத்தம் போட்டார்.

வைகை அணையை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பஸ் எத்தனையோ போகிறது. அவள் பிற்பாடு ஒருமுறை புருஷனோடும் பிள்ளைகளோடும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். எங்கேயோ ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது, "அம்புட்டு ஒண்ணும் பெருசில்லடி, அக்கரை நல்லாத் தெரியுது" என்றாள். எனக்காகச் சொன்ன பொய். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டீயைக் குடித்துவிட்டு இரண்டு சைக்கிள்களோடு கிளம்பினேன். என்னுடையதில் ஏறி, புதியதை ஒற்றைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டு. கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். செய்தவள் நான். கொஞ்ச தூரம் ஓட்டினேன், இரண்டும் பின்னிக்கொண்டு சாயப் பார்த்தன. இறங்கி இரண்டு பக்கமும் இரண்டைப் பிடித்து உருட்டினேன். மறுபடி ஏறினேன். மதுரை ரோட்டில் நேர்பாதை வந்ததும் கை பழகிவிட்டது. இரண்டு சக்கரங்களும் ஒன்றாகக் கிறுகிறுத்தன. பக்கத்தில் அந்த உயரமான சீட்டு என் இடுப்புக்கு அருகிலேயே வந்துகொண்டிருந்தது. நான் அதற்கு ஏதோ சொன்னேன்கூட. என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

வெள்ளோட்டுப் பிரிவுப் புளியமரம் வந்தது. இறங்கினேன். புதிய சைக்கிளை மரத்தில் சாய்த்து வைத்தேன், ரோட்டில் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. சீட்டைப் பார்த்தேன். மாற்ற வேண்டியது எதுவுமில்லை, அவள் உயரத்தில்தான் இருந்தது. என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். பின்னால் நடந்து வருகிறவள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் எங்கள் ஏற்பாடு.